ரூட்டர் வாங்கும் முன் அறையை வரையுங்கள்

பத்திரப்பதிவு அலுவலகம், வங்கி, ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்ட்டர் என்று எங்கே போனாலும் ஒரு பதில் நமக்குப் பழகிவிட்டது: "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க." எங்கோ தலைநகரத்தில் பெரிய கணினி ஒன்று படுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மக்கள் பஸ் ஏறித் திரும்புகிறார்கள். தென்மாவட்டங்களில் ரூட்டர், சுவிட்ச் போன்ற வலையமைப்புக் கருவிகளைப் பொருத்தும் முன் இடம் பார்த்துச் சொல்வது என் தொழில். கோளாறு என்று அழைப்பு வந்து போய்ப் பார்த்தால், தலைநகரத்துக் கணினி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதே கட்டடத்தில், மாடிப்படிக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும் ரேக்கில், சூடு தாங்காமல் ரூட்டர் தானாக அணைந்திருக்கும். இல்லாவிட்டால் ஒட்டடை அடிக்க வந்தவரின் கை பட்டு பிளக் கழன்றிருக்கும்.

கட்டடம் எழுப்புகிறவர்கள் கார் நிறுத்த இடம் ஒதுக்குகிறார்கள். லிஃப்ட்டுக்குக் குழி எடுக்கிறார்கள். ஜெனரேட்டருக்கு மேடை போடுகிறார்கள். இணையம் அந்தக் கட்டடத்துக்குள் நுழையும் அறையை மட்டும் யாரும் வரைவதில்லை. பெயின்ட் அடித்து, திறப்பு விழாத் தேதியும் குறித்த பிறகு "ரேக்கை எங்கே வைக்கலாம்?" என்று கேட்கிறார்கள். அப்போது மிஞ்சியிருப்பது மாடிப்படிக்கு அடி, கழிப்பறையை ஒட்டிய சந்து, பழைய கோப்புகள் குவிந்த ஸ்டோர் ரூம். அடுக்களையைக் கடைசியில் யோசித்து வீடு கட்டுகிறவர் உண்டா?

இந்தப் பழக்கம் மாற வேண்டும். ரூட்டருக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அதற்கான அறை வரைபடத்தில் இருக்க வேண்டும். அந்த அறையை நேரில் பார்த்து எழுதிய ஆய்வுத் தாளில் பொறுப்பானவர்களின் கையெழுத்து இருக்க வேண்டும். பொதுப்பணத்தில் எழும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இது கட்டாயம் ஆக வேண்டும் என்பது என் கோரிக்கை.

ஆழம் என்ற அளவு

ரேக் என்பது கருவிகளை அடுக்கித் திருகும் இரும்புச் சட்டம். உலகம் முழுக்க அதன் முகப்பு அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர். உயரத்துக்கு 'யு' என்று ஓர் அலகு. ஒரு யு 44.45 மில்லிமீட்டர். ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் 42 யு ரேக் ஏறத்தாழ 2 மீட்டர். அகலத்தையும் உயரத்தையும் எல்லாரும் கவனிக்கிறார்கள். ஆளைக் கவிழ்ப்பது ஆழம்.

சின்ன அலுவலகத்து சுவிட்ச் ஒரு முழத்துக்கும் குறைவான ஆழத்தில் அடங்கிவிடும். பெரிய ரூட்டர் அப்படி அடங்காது. அதன் முதுகில் மின்கம்பிகளும் முகத்தில் ஃபைபர் இழைகளும் வளைந்து திரும்பவும் இடம் வேண்டும். ஃபைபரைக் கயிறு போல மடக்க முடியாது. கேபிளின் விட்டத்தைப் போல் 10 மடங்குக்குக் குறையாத ஆரத்தில்தான் வளைக்கலாம் என்பது பொது விதி. இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் சுவரில் மாட்டும் சின்ன ரேக்கை வாங்கிவிடுகிறார்கள். கருவி உள்ளே போகும், கதவு சாத்தாது. அன்றிலிருந்து அந்தக் கதவு திறந்தே கிடக்கும். தூசியும் பல்லியும் உள்ளே குடியேறும். பிறகு "கம்பெனி ஐட்டமே சரியில்லை" என்ற பேச்சு வரும்.

ரேக்கைச் சுற்றியும் இடம் வேண்டும். முன்புறம் ஒரு மீட்டராவது இருந்தால்தான் கருவியை இரண்டு பேர் பிடித்து ஏற்றி இறக்க முடியும். பின்புறம் ஓர் ஆள் நின்று குனிய இடம் வேண்டும். சுவரோடு ஒட்டி நிறுத்திய ரேக்கில் ஒரு பவர் சப்ளையை மாற்ற, ஓடிக்கொண்டிருக்கும் மொத்த ரேக்கையும் நகர்த்த வேண்டிவரும். ஆஸ்பத்திரியில் லேப் ரிப்போர்ட் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த வேலையைச் செய்யும் எஞ்சினியரின் வயிறு என்ன பாடுபடும் என்பதைச் செய்தவர்களே அறிவார்கள். வாசல் அகலம், லிஃப்ட்டின் உள்ளளவு, மாடிப்படி திரும்பும் இடம் மூன்றையும் டேப் வைத்து அளக்காமல் நான் எந்தத் தாளிலும் எழுதுவதில்லை. அறைக்குள் இடம் இருந்து, அறை வரைக்கும் வழி இல்லாத கட்டடங்கள் நிறையவே இருக்கின்றன.

அடுத்தது எடை. அலுவலக அறைகளின் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 முதல் 400 கிலோ வரை தாங்கும் கணக்கில் வடிவமைப்பது வழக்கம். கருவிகள் நிறைந்த ரேக் நிற்கும் இடமோ ஒரு சதுர மீட்டர்கூட இல்லை. அதற்குப் பக்கத்தில் யுபிஎஸ் பேட்டரிகள் வரும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று ஏறத்தாழ 30 கிலோ. 16 பேட்டரிகளை ஒரே ஸ்டாண்டில் அடுக்கினால் கிட்டத்தட்ட அரை டன். நம் ஊர்ப் பழைய அரசுக் கட்டடங்கள் பலவற்றில் மாடித் தளம் மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து போட்டது. அழகான, உறுதியான வேலைப்பாடு. ஆனால் நூறாண்டுக்கு முன் அதைக் கட்டிய கொத்தனார் இப்படியொரு சுமையை ஒரே மூலையில் எதிர்பார்த்திருக்க மாட்டார். அங்கே ரேக் நிற்க வேண்டுமா, எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். கருவி விற்க வந்தவர் சொல்லக் கூடாது.

ஏசி நின்றாலும் ரேக் நிற்காது

ரேக்குக்குள் போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. கணக்கு எளிது. ஒரு வாட் என்பது மணிக்கு 3.412 பி.டி.யு. சூடு. ஒரு டன் ஏசி மணிக்கு 12,000 பி.டி.யு. சூட்டை வெளியே தள்ளும். ரூட்டர், சுவிட்ச், ஃபயர்வால் எல்லாம் சேர்த்து 3,000 வாட் இழுக்கும் ரேக் மணிக்கு 10,236 பி.டி.யு. சூட்டைக் கக்கும். ஒரு டன் ஏசியின் திறனில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். மேற்கு வெயில் ஏறும் சுவரும் அதே அறையில் யுபிஎஸ்ஸும் இருந்தால் ஒரு டன் போதாது. இந்தக் கணக்கைப் போடப் பள்ளிக்கூடப் பெருக்கல் போதும். ஆனால் நான் பார்த்த பெரும்பாலான இடங்களில் ஏசியின் அளவை முடிவு செய்தது, மேனேஜர் அறையில் மிச்சமான பழைய ஏசி எத்தனை டன் என்பதுதான்.

இதைவிட ஆபத்தான ஒரு விஷயம் இருக்கிறது. கரண்ட் போனதும் யுபிஎஸ் ரேக்கைத் தாங்கிப் பிடிக்கும், ஏசியைத் தாங்காது. ரூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், குளிர் நின்றுவிடும். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் வெப்பம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். யுபிஎஸ்ஸில் இரண்டு மணி நேர பேக்கப் வாங்கியிருக்கிறோம் என்ற நிம்மதியில் எல்லாரும் இருப்பார்கள். பேட்டரி தீரும் முன்பே சூட்டால் கருவி அணைந்துவிடும். ஆகவே ஜெனரேட்டர் கணக்கில் அந்த அறையின் ஏசியும் சேர வேண்டும். கரண்ட் திரும்பியதும் ஆள் வந்து ரிமோட்டை அழுத்தாமல் தானே ஓடத் தொடங்கும் ஏசியாக அது இருக்க வேண்டும். ஒன்று பழுதானால் மற்றொன்று தாங்கும்படி இரண்டு ஏசிகள் வேண்டும். இரவில் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் அவை ஓட வேண்டும். வாட்ச்மேன் "யாரும் இல்லாத ரூமுக்கு எதுக்கு ஏசி" என்று நல்ல மனத்தோடு அணைத்துவிடாமல் இருக்க, சுவிட்ச் மேல் ஓர் அறிவிப்பாவது ஒட்டியிருக்க வேண்டும்.

"ரூட்டர் 40 டிகிரி வரைக்கும் தாங்கும்னு கேட்டலாக்லயே போட்டிருக்கே" என்று பலர் என்னிடம் வாதாடுவார்கள். உண்மைதான், பல ரூட்டர்களுக்கு 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் அது கருவி மூச்சிழுக்கும் வாயில் உள்ள காற்றின் வெப்பம். கண்ணாடிக் கதவு சாத்திய ரேக்குக்குள், தன் சூட்டையே திரும்ப இழுக்கும் ரூட்டரின் வாயில், அறையின் வெப்பத்தைவிட எத்தனையோ டிகிரி கூடுதலாக இருக்கும். சில கருவிகள் முன்னாலிருந்து பின்னால் காற்றை ஓட்டும். சில பக்கவாட்டில் ஓட்டும். எது எப்படி என்று பார்க்காமல் அடுக்கினால் கீழ்க் கருவியின் அனல் மேல் கருவியின் மூச்சாகிவிடும். தகவல் தொழில்நுட்ப அறைகளுக்குக் குளிரூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி. பேட்டரிக்கும் அதுதான் நல்லது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். மதுரையின் சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குள் வைத்த பேட்டரி சீக்கிரம் செத்துப்போனால், அதற்கு பேட்டரி கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

சூடு ஏழை ஊரின் பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் முதல்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. அன்று லண்டனின் கைஸ் அண்ட் செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளின் இரண்டு தரவு மையங்களும் சேர்ந்தே செயலிழந்தன. பெயர்பெற்ற அந்த மருத்துவமனைகளில் டாக்டர்கள் பேனாவும் காகிதமும் எடுத்தார்கள். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. நமக்கு 40 டிகிரி ஆண்டுதோறும் வருகிறது. நாம்தான் அவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும்.

தண்ணீர் வரும் வழி வாட்ச்மேனுக்குத் தெரியும்

ஒரு கட்டடத்தைப் பார்க்கப் போனால் வரைபடத்தைக் கையில் வாங்குவேன். ஆனால் முதலில் பேசுவது வாட்ச்மேனிடமும், கூட்டிப் பெருக்குகிற அக்காவிடமும்தான். தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றில், தனியார் ஆஸ்பத்திரியில் எனக்குக் காட்டிய அறை பார்க்க அருமையாக இருந்தது: தரைத்தளம், புது டைல்ஸ், புது பெயின்ட், இரண்டு ரேக்குக்குத் தாராளமான இடம்.

"அண்ணே, மழை பேஞ்சா இங்கன தண்ணி எங்கிட்டு வரும்?" என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"வெளியேருந்து வராது தங்கச்சி. ஆனா ஐப்பசி, கார்த்திகையில இந்தச் சொவத்துல கையே வைக்க முடியாது, ஓதம் காத்து நிக்கும். மேல பாத்ரூம் இருக்குல்ல. போன வருசந்தான் சொரண்டிப் பூசுனாக" என்றார்.

சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். கோடைக்காலத்திலும் டைல்ஸுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குப் பெயின்ட் லேசாக உப்பியிருந்தது. விரலால் தட்டியதும் அடியில் பொருபொருவென்று உப்பு உதிர்ந்தது. கட்டட வரைபடத்தில் அந்தக் கழிப்பறைக் குழாய் எங்கே இறங்குகிறது என்று தேடினோம். சரியாக ரேக் நிற்கப்போகும் இடத்துக்கு மேலே இறங்கியது. அறையை மாற்றச் சொல்லி எழுதினேன். நிர்வாகத்துக்கு முதலில் வருத்தம். பிறகு முதல் மாடியில் ரெக்கார்டு ரூமைக் காலி செய்து கொடுத்தார்கள். அந்த முடிவுக்குக் காரணம் என் மீட்டர் எதுவும் இல்லை, அந்த அண்ணன் சொன்ன ஒரு வாக்கியம். ஆய்வுத் தாளில் இதற்கென்றே ஒரு கட்டம் வேண்டும்: "இந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறவர் தண்ணீரைப் பற்றி என்ன சொன்னார்?"

கழிப்பறைக்கு அடியில் வேண்டாம், ஏசி தண்ணீர் வடியும் குழாய் ரேக்குக்கு மேலே போக வேண்டாம், அண்டர்கிரவுண்டில் வேண்டவே வேண்டாம் என்பவை அடிப்படை. 2015 டிசம்பரில் சென்னையில் அடித்தளத்தில் வைத்திருந்த ஜெனரேட்டர்களும் மின்பலகைகளும் தண்ணீருக்குள் போனதைப் பார்த்தோம். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்று தரைத்தளம் என்பதும் பாதுகாப்பான தளம் இல்லை என்று தெரிந்துபோனது. தாழ்வான பகுதியில் கட்டுகிறவர்கள் இந்த அறையை முதல் மாடியில் வைப்பதே நல்லது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளத்தில் வெயிலும் ஒழுகலும் சேர்ந்து தாக்கும் என்பதால், இடம் இருந்தால் நடுத்தளத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

கருவியை மட்டும் மேலே ஏற்றிவிட்டு, அதற்கு உயிர் கொடுக்கும் பொருளைக் கீழே விட்டாலும் பயனில்லை. 2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, பிராட் ஸ்ட்ரீட் 75 என்ற கட்டடத்தில் ஜெனரேட்டர் மேல்தளத்தில் பத்திரமாக இருந்தது. டீசலை மேலே ஏற்றும் பம்ப் அடித்தளத்தில் மூழ்கியது. அங்கிருந்த தரவு மையத்தைக் காப்பாற்ற ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் டீசலைக் கையால் சுமந்து 17 மாடி ஏறினார்கள். ரேக்கிலிருந்து தொடங்கி யுபிஎஸ், மின்பலகை, ஜெனரேட்டர், டீசல் தொட்டி வரை அத்தனையையும் ஒரே கோடாகத் தொடர்ந்து போய்ப் பார்ப்பதுதான் இடத் திட்டமிடல்.

இரண்டு வயர், ஒரே பலகை

நல்ல ரூட்டருக்கு இரண்டு பவர் சப்ளை இருக்கும். ஒன்று போனால் மற்றது தாங்கட்டும் என்பதற்காகவே பணம் கொடுத்து இரண்டு வாங்குகிறோம். பின்னால் போய்ப் பார்த்தால் இரண்டு வயரும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில், அந்த ஸ்ட்ரிப்பும் சுவரில் ஒரே பிளக்கில் தொங்கும். ஒரு ஃபியூஸ் போனால் இரண்டும் அணையும். ஏ, பி என்று இரண்டு தனித்தனி மின்வழிகள், தனித்தனி பிரேக்கர்கள், முடிந்தால் தனித்தனி யுபிஎஸ்கள் வேண்டும். இதைக் கட்டடம் எழும்பும்போது செய்தால் கூடுதலாக ஒரு குழாயும் கொஞ்சம் வயரும்தான் செலவு. பிறகு செய்தால் சுவரை உடைக்க வேண்டும்.

எர்த்திங் என்றதும் "அதெல்லாம் பக்காவா இருக்கு மேடம்" என்பார்கள். எர்த் குழி எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். கரிசல் மண்ணும் செம்மண்ணும் பாறையும் மாறி மாறி வரும் எங்கள் பகுதியில், மழைக்காலத்தில் நல்ல அளவு காட்டிய குழி சித்திரை வைகாசியில் காய்ந்து கையை விரித்துவிடும். எர்த்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது, அதுவும் கோடையில், அளந்து பார்க்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டைத் தாண்டினால் நான் தாளில் சிவப்பு மையால் எழுதிவிடுவேன். இந்தியாவில் எர்த்திங்குக்கென்றே ஐ.எஸ். 3043 என்ற தரநிலை இருக்கிறது. ஐப்பசி இடி மின்னலில் கருவிகள் கொத்தாகப் போகும்போது இடிமேல் பழி போடுகிறோம். அந்த மின்னலை மண்ணுக்குள் இறக்கும் வழியை நாம் ஏற்படுத்தியிருந்தோமா என்று கேட்பதில்லை.

கேபிள் வழியும் இப்படித்தான். செம்புக் கம்பியில் ஓடும் ஈதர்நெட் இணைப்புக்கு எல்லை 100 மீட்டர்: சுவருக்குள் 90, இரு முனைகளிலும் இணைப்பு வயர்களுக்கு 10. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, சுவர் ஏறி இறங்கி வளைந்து போகும். ஆகவே கட்டடத்தின் ஒரு கோடியில் அறையை வைத்தால் மறுகோடிக்கு இணைப்பு எட்டாது. அறை நடுவில் இருக்க வேண்டும். மாடிக்கு மாடி அதே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்க வேண்டும். தளம் கான்கிரீட் போடும்போதே கேபிள் இறங்க ஸ்லீவ் விட வேண்டும். கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்டால் எலி வரும். ரூட்டரின் விலையை ஒரு எலி ஒரே ராத்திரியில் வீணாக்கிவிடும்.

ஃபைபர் கட்டடத்துக்குள் நுழைய இரண்டு திசைகளில் இரண்டு வழிகள் வேண்டும். இரண்டு கம்பெனிகளிடம் இணைப்பு வாங்கிவிட்டு இரண்டையும் ஒரே குழியில் கொண்டுவந்தால், சாலையைத் தோண்ட வரும் ஜேசிபி ஒரே கொத்தில் இரண்டையும் அறுத்துவிடும். 2018 நவம்பர் 24 அன்று தென்கொரியாவின் சோல் நகரில் கே.டி. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அஹ்யோன் கிளையின் நிலத்தடிக் கேபிள் பாதையில் தீப்பிடித்தது. நகரின் மேற்குப் பகுதியில் செல்போன், இணையம், கடைகளின் கார்டு மெஷின்கள் எல்லாம் நின்றுபோயின. அந்த நிலையம் கீழ்நிலையான 'டி' தரம் என்று வகைப்படுத்தப்பட்டிருந்ததால், அதற்கு மாற்றுவழி கட்டாயமாக இருக்கவில்லை. சின்ன இடம்தானே என்று விட்ட இடத்தில்தான் ஊரே மாட்டிக்கொண்டது.

ஊராட்சிக்கு வந்த ரேக்

இது பெரிய கட்டடங்களோடு முடிகிற பேச்சு இல்லை. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் வேலை நடக்கிறது. அதன் ஊர் முனை பல இடங்களில் ஊராட்சி அலுவலகத்தில் நிற்கும் ஒரு சின்ன ரேக்தான். கிராமத்துப் பிள்ளையின் ஆன்லைன் விண்ணப்பமும் விவசாயியின் சான்றிதழும் அதன் வழியே போக வேண்டும். இதைவிட நல்ல திட்டம் சொல்ல முடியாது. அதனால்தான் அந்த அறையைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் போன சில ஊர்களில் மாலையானதும் மெயினை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவது வழக்கம். மின்சாரத்தைச் சேமிக்கும் நல்ல பழக்கம்தான். ரேக்குக்கு மட்டும் அது ஆகாது. தினமும் அணைந்து எழும் கருவியும், தினமும் முழுதாக வடிந்து ஏறும் பேட்டரியும் நீண்டநாள் தாங்காது. மெயினுக்கு முன்பிருந்தே ரேக்குக்கென்று தனி பிரேக்கர் எடுத்தால் தீர்ந்தது. அந்த வேலையைச் செய்ய உள்ளூர் எலக்ட்ரீஷியன் போதும். சாவி யாரிடம், கரண்ட் பில் எந்தக் கணக்கில், எச்சரிக்கை விளக்கு சிவப்பானால் யாருக்குப் போன் செய்வது என்ற மூன்றையும் ஓர் அட்டையில் எழுதி ரேக் கதவில் ஒட்ட வேண்டும். தூத்துக்குடி, ராமேசுவரம் பக்கம் கடலோர ஊர்களில் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரித்துவிடும் என்பதால், கடல் பார்த்த ஜன்னலோரம் ரேக்கை வைக்கவே கூடாது. ஒவ்வோர் ஊருக்கும் இப்படி ஒரு தனிக் குறிப்பு உண்டு. அதை எழுத யாராவது நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும்.

விதி இருக்கிறது, வழக்கம் வேண்டும்

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தகவல்தொடர்பு நிறுவல்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்பு வசதிக்குத் தரமதிப்பீடு வழங்கும் ஒழுங்குமுறைகளை 2024இல் வெளியிட்டது. பெரிய ரூட்டர் தயாரிக்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் இடம் தயாரிக்கும் கையேடு வெளியிடுகின்றன: எடை, ஆழம், காற்றோட்டம், மின்தேவை, சுற்றிலும் விட வேண்டிய இடம் எல்லாம் அதில் இருக்கும். வழிகாட்டுதலுக்குப் பஞ்சமில்லை. கருவியை வாங்கிய பிறகே அந்தக் கையேட்டைத் திறப்பதுதான் சிக்கல். பல இடங்களில் பொருத்திய பிறகுகூடத் திறப்பதில்லை.

"எல்லாம் கிளவுடுக்குப் போயாச்சு, இனிமேல் எதுக்கு அறை?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்பு கட்டடத்துக்குள்ளேயே சர்வர் இருந்தபோது, வெளி இணைப்பு அறுந்தாலும் உள்வேலை ஓரளவு நடக்கும். இப்போது பில், ரிப்போர்ட், வருகைப்பதிவு அத்தனையும் அந்த ஒரே ரூட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். கிளவுடு வந்ததால் அந்த அறையின் முக்கியத்துவம் கூடித்தான் போயிருக்கிறது.

"சதுர அடி விற்கிற விலையில் இதற்கெல்லாம் இடம் ஒதுக்க முடியுமா?" என்பது கட்டுகிறவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். நடுத்தரக் கட்டடம் ஒன்றுக்கு நான் கேட்பது ஒரு சாதாரணப் படுக்கையறை அளவுக்கும் குறைவு. பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு அறையே வேண்டாம். காற்றோட்டமுள்ள, ஓதமில்லாத, ஆள் கை படாத ஒரு சுவரும் அதில் தரமான ரேக்கும் போதும். ஆனால் ஆழம், சூடு, தண்ணீர், மின்சாரம், கேபிள் வழி என்ற ஐந்தையும் அந்தச் சுவருக்கும் கேட்டாக வேண்டும். கவுன்ட்டர் ஒருநாள் மூடிக்கிடந்தால் ஆகும் நஷ்டத்தில் இந்த ஏற்பாட்டின் செலவு சின்னப் பங்குதான். அந்த நஷ்டத்தில் பாதி, கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றவரின் பையிலிருந்து போவதால் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

ஆகவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, பொதுப்பணித் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் மருத்துவமனை, கல்லூரி, அலுவலகக் கட்டடங்களின் வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுக்கும்போது, வலையமைப்பு அறை எங்கே என்று கேட்க வேண்டும். அது இல்லாத வரைபடத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டாவது, கருவிக்கு டெண்டர் விடும் முன் கட்டடப் பொறியாளர், மின்பொறியாளர், வலையமைப்புப் பொறியாளர் மூவரும் ஒரே நாளில் ஒன்றாக அந்த அறையில் நிற்க வேண்டும். தனித்தனியாக வந்தால் ஒருவர் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார். ஒன்றாக நின்றால் கழிப்பறைக் குழாய் யாருடைய கண்ணுக்காவது பட்டுவிடும். மூன்றாவது, பேட்டரி மாற்ற, ஏசி சர்வீஸ் செய்ய, எர்த் அளக்க ஆண்டுதோறும் ஒரு தொகையைப் பட்ஜெட்டில் எழுத வேண்டும். அந்த அறைக்குப் பொறுப்பானவர் யார் என்று பெயரும் பதவியும் குறிக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கையும் இரண்டு பக்க ஆய்வுத் தாளும் போதும். அந்தத் தாளில் மூன்று பேரின் கையெழுத்தும் விழும் வரை, எந்தத் துறையும் ரூட்டருக்கு ஒரு ரூபாய்கூட விடுவிக்கக் கூடாது.